எல்லா வேலையும் செய்யும் 'எல்லா'

கோத்தகிரியில் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து குரங்குப் பேய்ப்படம் பார்க்கவே ஒரு தைரியம் வேண்டும். மத்தியானம்தான், ஆனாலும் பனிமூட்டத்துக்கு லைட் போட்டிருந்தேன். 'மங்கி ஷைன்ஸ்' ஓடி அரை மணி நேரம் ஆகியிருக்கும், தலைக்கு மேலே தடதடவென்று ஒரு கூட்டம் போனது. கொல்லைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து மிச்சத்தைப் பார்த்தேன்.

1988-ல் வந்த படம். இயக்கியவர் ஜார்ஜ் ரொமேரோ, பிணங்கள் எழுந்து நடக்கிற படங்களுக்குப் பேர்போனவர். இதில் பிணம் நடக்கவில்லை, உயிரோடு இருப்பவனால்தான் நடக்க முடியவில்லை. விபத்தில் ஆலனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு போய்விடுகிறது. ஆராய்ச்சிக்கூட நண்பன் ஒரு கப்புச்சின் குரங்கைத் துணைக்குக் கொண்டுவருகிறான். பேரே 'எல்லா'. நம்மூர்க் குரங்கு இல்லை, தென் அமெரிக்கப் பக்கத்துச் சின்ன இனம், மூன்று நான்கு கிலோ தேறினால் அதிகம். இப்படிக் குரங்கைப் பழக்கிப் படுக்கையில் இருப்பவர்களுக்குத் துணையாக விடுவது கட்டுக்கதை இல்லை, அமெரிக்காவில் 1979 முதலே செய்திருக்கிறார்கள். மனித மூளைச் சாற்றை எடுத்து அதற்கு ஊசி போடுவதுதான் படத்துக்காரர்கள் சேர்த்தது.

முதல் பாதி அவ்வளவு அழகு. கேட்டதை எடுத்துக் கொடுக்கிறது, மடியில் சுருண்டு கொள்கிறது. பிறகு ஆலன் யார்மேல் எரிச்சல்படுகிறானோ அவர்களைத் தேடிப் போக ஆரம்பிக்கிறது. முதலில் சிக்குவது, அவனைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் வளர்க்கும் குட்டிக் கிளி.

இங்கே நான் படத்தை நிறுத்திவிட்டு டீ போடப் போனேன்.

அப்பா பக்கவாதத்தில் நான்கு வருஷம் படுத்திருந்தார். பேச்சு குழறும், கண் மட்டும் குழறாது. பார்த்துக்கொள்ள வந்த அக்கா ஒருநாள் ஆறேமுக்கால் செய்தி நடுவில் ரேடியோவை அணைத்துவிட்டார். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அக்காவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். மறுநாள் காலையில் அரை மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, "இனிமே வர வேண்டாங்க்கா" என்றேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்பா அன்று கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

ஆகவே எல்லாவைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. ஆலனாக நடித்த ஜேசன் பெகே முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கோபத்தைக் காட்டுகிறார். நன்றி சொல்லிச் சொல்லியே புளித்துப்போன கோபம். வீட்டோடு வந்து தங்கி மகனை மறுபடி கைக்குழந்தை ஆக்கப் பார்க்கும் அம்மாவும் அச்சு அசல்.

குறை என்றால் நீளம், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். நண்பனின் ஆராய்ச்சிக்கூடச் சண்டைகளில் பாதியை வெட்டியிருக்கலாம். முடிவும் ஒட்டவில்லை. ரொமேரோ வைத்திருந்தது வேறு முடிவு, தயாரித்தவர்கள் மாற்ற வைத்தார்களாம். பார்த்தாலே தெரிகிறது, கிழிந்த கம்பளிக்கு நைலான் ஒட்டுப் போட்ட மாதிரி.

ஐந்துக்கு மூன்றரை. படுக்கையில் யாராவது இருக்கும் வீட்டில் அவர்களோடு உட்கார்ந்து பார்க்காதீர்கள். கிளி வளர்ப்பவர்களும் தவிர்க்கவும்.