பதறுகிற குதிரைக்கு எது சரி: நார்த்தீவனங்களும் அமைதிப் பொடிகளும்

இலை அசைந்தால் துள்ளுகிறது, சேணத்தைக் கண்டால் காதை மடக்குகிறது, லாயத்தில் ஒரு நிமிடம் சும்மா நிற்பதில்லை. இப்படி ஒரு குதிரையை வைத்திருப்பவர்கள் முதலில் தேடிப் போவது அமைதிப்படுத்தும் பொடியைத்தான். தொட்டியில் என்ன தீவனம் கிடக்கிறது என்று பார்ப்பது அப்புறம். எனக்கு இந்த வரிசையில் உடன்பாடு இல்லை. பொடிகளை ஒப்பிடுவதற்கு முன் தீவனங்களை ஒப்பிட வேண்டும். அதற்கும் முன்னால், இந்தக் குதிரையின் வயிறு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் காலியாகக் கிடக்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

குதிரையின் உடம்பு பெரிது, இரைப்பை சிறிது. 500 கிலோ குதிரைக்கும் 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் அமிலம் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் வரும். இரைப்பையின் மேல் பகுதிக்குச் சளிப் படலப் பாதுகாப்பும் கிடையாது. காலி வயிற்றோடு குதிரையை ஓட்டினால் கீழே கிடக்கும் அமிலம் அந்த மேல் சுவரில் தெறிக்கும். 6 மணி நேரத்துக்கு மேல் புல் இல்லாமல் நிற்கும் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் வரும் வாய்ப்பு கூடுகிறது. வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது கடிக்க வருகிற குதிரையைக் ‘குணம் கெட்டது’ என்று திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு பக்கம் மாவுச்சத்து. தானியம் அதிகமானால் சிறுகுடலால் முழுவதையும் செரிக்க முடியாது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்க் கூட்டத்தைக் கலைத்து, அமிலத்தைக் கூட்டிவிடும். மாவுச்சத்து மிகுந்த தீவனம் தின்ற மட்டக்குதிரைகளின் சாணத்தில் நுண்ணுயிர் அமைப்பு மாறியதையும், அதே காலத்தில் அவை கூடுதலாகப் பதறியதையும் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே எந்தத் தீவனத்தை எடுத்தாலும் நான் இரண்டு கேள்விகள்தான் கேட்பேன். பல்லுக்கு எவ்வளவு நேரம் வேலை கொடுக்கிறது? எவ்வளவு மாவுச்சத்தை உள்ளே தள்ளுகிறது?

உலர்புல்லுக்குப் போட்டி உண்டா?

முதல் கேள்வியில் உலர்புல்லை எதுவும் நெருங்க முடியாது. ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்கக் குதிரைக்கு ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். அதே ஒரு கிலோ ஓட்ஸ் பத்து நிமிடத்தில் காலி. உமிழ்நீர்க் கணக்கும் இதே விகிதத்தில்தான் போகும். பதறுகிற குதிரைக்கு நாள் முழுக்க ஏதாவது மென்றுகொண்டிருப்பதே பாதி மருந்து.

அளவு: உடல் எடையில் 1.5% உலர்பொருள் (ஈரத்தைக் கழித்த தீவன எடை) என்பது கீழ் எல்லை, 2% இருந்தால் நல்லது. 500 கிலோ குதிரைக்கு 7.5 முதல் 10 கிலோ உலர்பொருள். உலர்புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால் தராசில் அது ஏறக்குறைய 9 முதல் 11 கிலோவாக வரும். ஒரு ‘கட்டு’ என்று கண்ணால் அளந்து போடுவதை நம்பாதீர்கள். கட்டுக்குக் கட்டு எடை மாறும். ஒரு தொங்கு தராசு வாங்கி வலையோடு சேர்த்து நிறுத்துப் பார்த்தால் பலருடைய குதிரைகள் அரைப் பட்டினியில் இருப்பது தெரியவரும்.

குதிரை குண்டு, ஆனாலும் பதறுகிறது என்றால் புல்லைக் குறைக்கத்தான் கை போகும். கீழ் எல்லைக்குக் கீழே இறங்காதீர்கள். சிறு கண் உள்ள வலையில் போட்டால் அதே புல்லை மெதுவாகத் தின்னும். தண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரையில் ஒரு பங்கு குறையும். தாதுக்களும் கொஞ்சம் கரைந்துபோகும், அதை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். வைக்கோலைக் கலந்து அளவைக் கூட்டலாம் என்பார்கள். ஒரு பகுதியாகக் கலப்பது சரி. ஆனால் வைக்கோல் மட்டுமே நார் என்று ஆனால் புண் வரும் வாய்ப்பு கூடுகிறது, மென்று விழுங்காத குதிரைக்குக் குடலடைப்பும் வரலாம்.

பீட் சக்கையா, குதிரைமசாலா?

எடை ஏறாத, எலும்பு தெரிகிற பதற்றக் குதிரைக்கு உலர்புல் மட்டும் போதாது. அப்போது வருகிற இரண்டு பெரிய போட்டியாளர்கள் இவை. இரண்டையும் ‘நார்த்தீவனம்’ என்று ஒரே பட்டியலில் போடுகிறார்கள், ஆனால் செய்யும் வேலை வேறு.

சர்க்கரை பீட் கிழங்கில் சர்க்கரையை எடுத்தபின் மிஞ்சும் சக்கையில் இருக்கும் நார் பெரும்பாலும் பெக்டின் போன்ற எளிதில் நொதிக்கும் வகை. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அதைக் கொழுப்பு அமிலங்களாக உடைத்துத் தரும். தானியத்துக்குப் பக்கத்தில் வரும் அளவுக்கு ஆற்றல் கிடைக்கும், ஆனால் ரத்தச் சர்க்கரை குபீரென்று ஏறாது. வாங்கும்போது ‘பாகு சேர்க்காதது’ என்று இருக்கிறதா பாருங்கள். பாகு ஊற்றிய சக்கையை வாங்கினால் விட்டுவந்த சர்க்கரையைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டது போலாகும்.

இதன் தொல்லை ஊறவைப்பது. துருவலாக வருவது சீக்கிரம் ஊறும், குச்சி உருண்டையாக வருவதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். சரியாக ஊறியதா என்று தெரிந்துகொள்ள மேலே பார்த்தால் போதாது. வாளியின் அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து நசுக்குங்கள். நடுவில் கெட்டியாக ஒரு குச்சி தட்டுப்பட்டால் இன்னும் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். அவசரமாக விழுங்குகிற குதிரைக்கு ஊறாத உருண்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளும், பதற்றக் குதிரைகளில் பாதி அவசரக் குடுக்கைகள்தான். வெயில் காலத்தில் ஊறிய சக்கை சீக்கிரம் புளித்துவிடும். மூக்கில் புளிப்பு ஏறினால் கொட்டிவிடுங்கள்.

பீட் சக்கையை மெல்ல அதிக நேரம் ஆவதில்லை. அதனால் அது எரிபொருள், பொழுதுபோக்கு அல்ல. உலர்புல்லின் இடத்தில் அதை வைத்துவிட்டு, ‘நிறைய நார் கொடுக்கிறேனே, இன்னும் ஏன் மரத்தைக் கடிக்கிறது’ என்று கேட்பவர்கள் உண்டு.

குதிரைமசால், அதாவது லூசர்ன், வேறு ரகம். அதில் கால்சியமும் புரதமும் அதிகம், இரண்டும் சேர்ந்து இரைப்பை அமிலத்தைத் தணிக்கின்றன. சவாரிக்கு 20–30 நிமிடம் முன்னால் இரண்டு பிடி நறுக்கிய குதிரைமசாலை மெல்லக் கொடுத்தால், அமிலத்தின் மேல் ஒரு நார்ப் பாய் மிதக்கும், ஓடும்போது தெறிப்பது குறையும். செலவில்லாமல் செய்யக்கூடிய இந்த ஒரு வேலையை இரைப்பைப் புண் சந்தேகம் உள்ள எல்லாக் குதிரைகளுக்கும் நான் முதலில் சொல்வேன்.

குதிரைமசால் ‘சூட்டைக் கிளப்பும்’ என்று பழைய கை ஆட்கள் சொல்வார்கள். அதில் மாவுச்சத்து குறைவு, கிளப்புவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஆற்றல் சாதாரணப் புல்லைவிடக் கூடுதல். வேலை இல்லாமல் நிற்கும் குதிரைக்குத் தொட்டி நிறையப் போட்டால் எந்தத் தீவனமும் துள்ளத்தான் வைக்கும். புரதம் மிஞ்சினால் சிறுநீர் அதிகமாகி லாயத்தில் அம்மோனியா வாடை தூக்கும். மொத்த நாரில் கால் பங்கு அளவோடு நிறுத்தினால் இந்தப் பிரச்சினைகள் பெரும்பாலும் வராது.

என் தேர்வு? புண் சந்தேகம் இருந்தால் குதிரைமசால். எடை மட்டும் ஏற வேண்டும் என்றால் பீட் சக்கை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதிலும் தப்பில்லை. குதிரைமசாலில் புரதம் இருக்கிறது, பீட் சக்கையில் அது குறைவு. சோயா தோல் கிடைத்தால் அதுவும் மாவுச்சத்து குறைந்த நல்ல நார், பீட் சக்கைக்கு மாற்றாக வைத்துக்கொள்ளலாம்.

தவிடு இந்தப் போட்டியிலேயே கிடையாது. நார் என்று நம்பி அள்ளிப் போடுகிறார்கள். கோதுமைத் தவிட்டில் மாவுச்சத்தும் உண்டு, பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். தினமும் நிறையக் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும், முகத்து எலும்பு வீங்கும் நோய் வரை போகும்.

‘கூல்’ என்று எழுதிய மூட்டை

மூட்டையில் அமைதியான குதிரைப் படமும் ‘கூல்’, ‘காம்’ என்ற எழுத்தும் இருக்கும். படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். நார் இத்தனை சதவீதம் என்று மட்டும் போட்டு, மாவுச்சத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் தயாரிப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொல்லத் தயங்கினால் அந்த மூட்டை வேண்டாம்.

எண் கிடைத்துவிட்டால் கணக்கு எளிது. ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகக் கூடாது. 500 கிலோ குதிரைக்கு 500 கிராம். 25% மாவுச்சத்து உள்ள தீவனத்தில் 2 கிலோ போட்டால் எல்லையைத் தொட்டாயிற்று. 10% உள்ளதில் அதே 2 கிலோ என்றால் 200 கிராம்தான். ஓட்ஸில் மாவுச்சத்து 40%-க்கும் மேல், மக்காச்சோளத்தில் 65–70%. பதற்றக் குதிரைக்கு நான் இந்த எல்லையில் பாதியைக்கூடத் தாண்ட மாட்டேன்.

ஆற்றல் இன்னும் வேண்டுமென்றால் தானியத்தைவிட எண்ணெய் மேல். மாவுச்சத்தே இல்லாமல் எடையைக் கூட்டும். மாவுச்சத்துக்குப் பதிலாகக் கொழுப்பில் ஆற்றல் பெற்ற குதிரைகள் குறைவாகத் திடுக்கிட்டதாகவும் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். 100 கிலோ எடைக்கு 100 மில்லி என்பது மேல் எல்லை. அங்கே போக இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கூடும்போது வைட்டமின் ஈ-யும் கூட வேண்டும்.

இனி டப்பாக்கள்

மெக்னீசியம்தான் கடையில் முதலில் கண்ணில் படும். 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 7.5 கிராம். 10 கிலோ உலர்புல்லில் 0.15% இருந்தாலே 15 கிராம் வந்துவிடும். அதாவது ஒழுங்காகப் புல் தின்கிற குதிரைக்குப் பற்றாக்குறை அபூர்வம். மெக்னீசியம் கொடுத்த குதிரைகள் திடுக்கிட்டு ஓடும் வேகம் குறைந்ததாகச் சிறிய ஆய்வு ஒன்று உண்டு, ஒரு சில குதிரைகளை வைத்து. உங்கள் புல்லைச் சோதித்து, குறைவு என்று தெரிந்தால் கொடுங்கள். சும்மா அள்ளிக் கொடுத்தால் கழிச்சல் வரலாம்.

ட்ரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு, கொஞ்சம் பயமும் உண்டு. குறைந்த அளவு சில குதிரைகளை லேசாகக் கிளப்பிவிடுகிறது. அதிக அளவு, பெருங்குடலில் மாற்றமடைந்து, சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. அமைதிக்காக வாங்கும் பொருளில் இப்படி இரண்டு பக்கமும் ஆபத்து எதற்கு?

வைட்டமின் பி1-ஐக் குதிரையின் குடல் நுண்ணுயிர்களே தயாரிக்கின்றன. மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். கெடுதல் இல்லை, பெரிய பலனும் எதிர்பார்க்க வேண்டாம். மூலிகைகளில் வேலேரியன் கலந்த எதையும் போட்டிக்குப் போகும் குதிரைக்குக் கொடுக்காதீர்கள், சர்வதேச விதிகளில் அது தடைப்பட்டியலில் இருக்கிறது. பால் புரதத்திலிருந்து எடுக்கும் ஆல்ஃபா காசோசெபைன் வகைக்குக் கொஞ்சம் ஆதரவான ஆய்வு இருக்கிறது. பயிற்சியோடு சேர்த்துச் சில வாரம் பார்ப்பதென்றால் இதைப் பார்க்கலாம்.

ஈஸ்ட்டும் அமில முறிப்பான்களும் ‘அமைதி’ வரிசையில் விற்கப்படுவதில்லை, ஆனால் என் பட்டியலில் அவை மேலே இருக்கின்றன. ஈஸ்ட் பெருங்குடலில் நார் செரிக்க உதவும். கால்சியம் கார்பனேட் போன்ற முறிப்பான்கள் சில மணி நேரம் அமிலத்தைத் தணிக்கும், அவ்வளவுதான், புண்ணை ஆற்றாது. புண்ணுக்கு மருந்து ஒமெப்ரசோல். அதை எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய குழாய்) விட்டு இரைப்பையைப் பார்த்த கால்நடை மருத்துவர்தான் அளவு சொல்லிக் கொடுக்க வேண்டும்.

உப்பையும் வைட்டமின் ஈ-யையும் மறந்துவிட்டு மற்ற எல்லாம் வாங்குகிறவர்கள் அதிகம். உலர்புல் காயும்போதே வைட்டமின் ஈ போய்விடும், பச்சை மேய்ச்சல் இல்லாத குதிரைக்கு அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நீண்ட காலப் பற்றாக்குறை நரம்பையும் தசையையும் பாதிக்கும். உப்பு, வேலை இல்லாத 500 கிலோ குதிரைக்கும் நாளுக்கு 25–30 கிராம், வியர்க்கும் குதிரைக்கு இன்னும் கூட.

ஆக, ஒல்லியான பதற்றக் குதிரைக்கு: விரும்பும் அளவு உலர்புல், பீட் சக்கை, கொஞ்சம் குதிரைமசால், தேவைப்பட்டால் எண்ணெய். குண்டான குதிரைக்கு: ஊறவைத்த உலர்புல் சிறு கண் வலையில், தாதுக் கலவை ஒரு பிடி, வேறு எதுவும் வேண்டாம். பட்டை இறுக்கும்போது கடிக்கிற குதிரைக்கு: தானியத்தை நிறுத்தி, சவாரிக்கு முன் குதிரைமசால், கூடவே மருத்துவர். எதை மாற்றினாலும், புல்லின் ரகத்தை மாற்றினாலும்கூட, 10 முதல் 14 நாளில் படிப்படியாக மாற்றுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று நான்கு வாரம் விட்டுப் பாருங்கள். இரண்டு டப்பாவையும் புதுத் தீவனத்தையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. அந்த நான்கு வாரத்திலும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் தீவனத்தை விட்டுவிட்டுப் பல்லையும் முதுகையும் கண்ணையும் சேணத்தின் பொருத்தத்தையும் காட்டுங்கள்.