சமையலறைச் சிம்னிக்கு மின் இணைப்பு: ஒரு மின்பணியாளரின் வேலை பற்றி

சிம்னியைப் பொருத்த வந்தவர், அதைச் சுவரில் மாட்டி முடித்த பிறகு அருகில் சாக்கெட் இல்லாததைப் பார்த்து, பிளக்கை வெட்டிவிட்டு மேடை விளக்கின் ஒயரிலேயே இணைத்துவிடலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் தனியாகத் தொழில் செய்யும் ஒரு மின்பணியாளரை வரவழைத்தேன். இந்த மதிப்புரை அவருடைய வேலையைப் பற்றியது.

கருவிப் பையைத் திறப்பதற்கு முன்பே அவர் சிம்னியின் விவரத் தகட்டைப் படித்தார். மோட்டாரும் விளக்கும் சேர்ந்து 200 வாட். 230 வோல்ட்டில் அது 1 ஆம்பியருக்கும் குறைவு என்பதால், மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டாம், ஏற்கெனவே உள்ள சமையலறை லைனிலிருந்து 6 ஆம்பியர் சாக்கெட் ஒன்று போதும் என்று அவரே சொன்னார். கூடுதல் வேலைக்கு வாய்ப்பிருந்தும் அதைத் தேடாத அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எர்த் விஷயத்தில் மட்டும் அவர் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. சிம்னியின் உடல் எஃகு. எர்த் தேவைப்படாத இரட்டைக் காப்பைக் (இரட்டை இன்சுலேஷனை) குறிக்கும் சதுரத்துக்குள் சதுரம் என்னும் அடையாளம் தகட்டில் இல்லை. விளக்கு ஒயரிலோ எர்த் கம்பியே கிடையாது. மோட்டாரின் காப்பு என்றாவது பழுதானால் உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும் என்றும், எர்த் இருந்தால்தான் அது அந்த வழியே பாய்ந்து பிரேக்கர் விழும் என்றும் பொறுமையாக விளக்கினார். ஈரக் கையோடு பொத்தானை அழுத்தும் இடமல்லவா அது!

சாக்கெட்டைப் புகைக்குழாய் மூடிக்குள் மறைக்காமல், அடுப்பின் வெப்பம் எட்டாத பக்கத்து அலமாரிக்குள், கையை நீட்டிப் பிளக்கைப் பிடுங்கக்கூடிய இடத்தில் வைத்தார். பார்வைக்கு அது அவ்வளவு அழகில்லை. ஆனால் வடிகட்டியைக் கழற்றிக் கழுவும் ஒவ்வொரு முறையும் இணைப்பைத் துண்டிக்க இதைவிட வசதியான இடம் இருக்க முடியாது. இறுதியில், சுவிட்ச் ஃபேஸ் கம்பியைத்தான் துண்டிக்கிறதா என்பதையும், பிளக்கின் எர்த் முள்ளுக்கும் எஃகு உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்பதையும் மல்டிமீட்டரால் சோதித்து, மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானையும் அழுத்திக் காட்டினார்.

குறை ஒன்று உண்டு: சுவரில் துளையிட்ட இடத்தைப் பூசித் தராமல் சென்றுவிட்டார். அது தன் வேலையல்ல என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு ஏற்பாடு செய்திருப்பேன். ஆயினும் அடுத்ததாக வாட்டர் ஹீட்டரின் இணைப்பைச் சரிபார்க்கவும் அவரையே அழைத்திருக்கிறேன்.