தடித்த தோல் சக்கிமுக்கிக் கல்: உரிப்பதா, பிளப்பதா, அறுப்பதா?

இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் பகுதிகளில் சுண்ணப்பாறைக்குள்ளிருந்து வரும் சக்கிமுக்கிக் கல் வெளியே பார்க்கச் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இருக்கும். உடைத்தால் உள்ளே கண்ணாடிக் கறுப்பு. அந்த வெள்ளைத் தோல் சில கட்டிகளில் தாள் கனம்தான், சிலவற்றில் 1 செ.மீ.யைத் தாண்டும். சில வருடங்களாக வார இறுதிகளில் இந்தக் கல்லை அடித்துக் கைக்கோடரியும் கத்தியும் செய்துவருகிறேன். புதிதாகப் பழக வருகிறவர்கள் திணறும் இடம் எப்போதும் இந்தத் தோல்தான். தோலை என்ன செய்வது என்பதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரிய கட்டியாக இருந்தால் தோலை உரிக்க உட்காராதீர்கள், பிளந்து உள்ளே போய்விடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கல் நாம் நினைத்தபடி உடைய இரண்டு விஷயம் வேண்டும். அடி விழும் இடம் கெட்டியாக இருக்கவேண்டும். அந்த இடத்தின் விளிம்பு 90 பாகைக்குக் குறைவான கோணத்தில் இருக்கவேண்டும். தடித்த தோல் முதலாவதைக் கெடுக்கிறது. அதில் நுண்துளைகள் அதிகம் என்பதால் அடியின் வேகத்தைக் குடித்துவிட்டுப் பொடிப்பொடியாக உதிரும், உள்ளே விரிசல் ஓடாது. கட்டியின் உருண்டை வடிவம் இரண்டாவதைக் கெடுக்கிறது. உருண்டையில் கோணத்துக்கு எங்கே போவது?

இதோடு ஒரு சின்னக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள உருண்டையைச் சுற்றி 1 செ.மீ. தோல் இருந்தால் உள்ளே மிஞ்சும் கறுப்புக் கல் 8 செ.மீ. உருண்டை. பருமனில் பார்த்தால் ஏறக்குறைய பாதி தோலாகவே போய்விடும். அதே தோல் 25 செ.மீ. கட்டியில் இருந்தால் போவது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. தோல் கனமாக ஆக ஆக, கட்டியும் பெரிதாக இருந்தால்தான் அடிப்பதில் அர்த்தம் உண்டு. கல் பொறுக்கும்போதே இதை மனதில் வைத்தால் பாதி வேதனை மிச்சம்.

சரி, முதல் வழி உரிப்பது. இந்தக் கற்களில் விரல் நீட்டியதுபோல முண்டுகள் இருக்கும். ஒரு முண்டைத் தட்டி உடைத்தால் அந்த இடத்தில் கறுப்பு முகம் தெரியும். அந்தக் கறுப்பின் ஓரத்தில் அடித்தால் தோலோடு ஒரு சில்லு கழலும். அது விட்டுப்போன தழும்பே அடுத்த அடிக்குத் தளம். இப்படியே சுற்றிச் சுற்றிப் போகலாம். கட்டியின் அளவு அவ்வளவாகக் குறையாது என்பதால் ஒரே கல்லில் ஒரு பெரிய கைக்கோடரி செய்ய இதைவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் ஒவ்வொரு சில்லும் தோலோடு கொஞ்சம் நல்ல கல்லையும் கொண்டுபோகும். ஒரு அடி கறுப்பில் விழாமல் வெள்ளையில் விழுந்தாலும் சில்லு பாதி வழியில் படியாக முறிந்து நிற்கும். அந்தப் படியைச் சரிசெய்ய இன்னும் நாலு சில்லு போகும்.

இரண்டாவது வழி பிளப்பது. நான் மனதார நம்பும் வழி இது. இதில் தேர்ந்தவர்களாக இருந்தவர்கள் சஃபோக்கில் உள்ள பிராண்டன் ஊர்க்காரர்கள். நெப்போலியன் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் படையின் துப்பாக்கிகளுக்குத் தீப்பொறிக் கல் செய்துகொடுத்த ஊர் அது. நிலத்துக்கடியிலிருந்து வரும் கல்லில் ஈரம் இருக்கும். முதலில் அதைக் காயவைப்பார்கள். பிறகு தொடையில் விலங்குத் தோலாலான பட்டை கட்டி, கட்டியை அதன்மேல் வைத்து, கனமான இரும்புச் சுத்தியலால் நாலைந்து துண்டாகப் போடுவார்கள். ஓங்கி அடிப்பது கிடையாது. சுத்தியலின் கனமே வேலையைச் செய்யும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம்தான் தோல், மற்ற முகங்கள் எல்லாம் புதுக் கறுப்பு. விளிம்புகளும் அடிக்கத் தோதான கோணத்தில் அமைந்துவிடும். அப்புறம் வேறொரு சுத்தியலால் விளிம்போரமாகத் தட்டிக்கொண்டே போனால் முதல் வரிசைச் சில்லுகளோடு தோல் தானாகக் கழன்றுவிடும். அடுத்த வரிசையிலிருந்து நீளமான, சுத்தமான கத்திச் சில்லுகள்தான். தோலோடு சண்டையே இல்லை. அடிகள் எல்லாம் உள்ளிருந்து வெளியே போவதால் தோலின் மென்மை நம்மைத் தொடுவதே இல்லை.

இரும்புக்குப் பதில் குவார்ட்சைட் என்னும் கெட்டியான கல்லில் இரண்டு கிலோ எடையுள்ள உருண்டையை வைத்தும் இதைச் செய்யலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். அதற்கு முன் கட்டியைத் தூக்கிப்பிடித்து லேசாகத் தட்டிக் காதைக் கொடுங்கள். மணிபோல ஒலித்தால் நல்ல கல். மொத்தையாக ஒலித்தால் பனி பாய்ந்து உள்ளே விரிசல் விட்டிருக்கும். வயலில் மேலாகக் கிடந்த கற்களில் இது மிகச் சகஜம்.

பட்டடைக் கல்மேல் வைத்து மேலிருந்து நசுக்கும் முறை முட்டையளவு கூழாங்கல்லுக்குச் சரி. துண்டுகள் எந்த வடிவில் வரும் என்று யாராலும் சொல்லமுடியாது.

வைர ரம்பத்தால் பலகைபோல அறுப்பவர்கள் இப்போது நிறையப் பேர். உள்ளே விரிசல் இருந்தால் உடனே தெரியும், அம்புமுனை செய்கிறவருக்குக் கல் வீணாகாது. தோல், ரொட்டியின் ஓரம்போலச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் பலகையின் முகம் தட்டையாக இருக்கும். சில்லு நீளமாக ஓடுவதற்கு முகத்தில் கொஞ்சம் மேடு வேண்டும், அதை நாமே உண்டாக்கவேண்டும். விளிம்புகளையும் முதலில் சரிவாக்கவேண்டும். கல்லைப் படிக்கும் பழக்கம் இதில் வராது என்பதுதான் என் பெரிய வருத்தம்.

குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணி செய்பவர்களின் முறையையும் இங்கே வைத்துப் பார்க்கவேண்டும். கூரான இரும்புக் கம்பியைத் தரையில் சாய்வாக நட்டு, அதன் முனையில் கல்லை அணைத்துப் பிடித்து, எருமைக் கொம்புத் தலை வைத்த சுத்தியலால் மறுபக்கம் தட்டுவார்கள். சில்லு கம்பி முனை தொடும் இடத்திலிருந்து கழலும். எந்தப் புள்ளியில் உடையவேண்டும் என்பதை அடிக்கு முன்பே முடிவுசெய்துவிடலாம். கைக்குள் அடங்கும் கல்லுக்கு இதைப்போலத் துல்லியமான முறையை நான் பார்த்ததில்லை. ஆனால் பெரிய சக்கிமுக்கிக் கட்டியைக் கம்பியில் அணைத்துப் பிடிக்க முடியாது. பிராண்டன் முறையில் பிளந்தபின் வரும் சிறு துண்டுகளுக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

அத்திரம்பாக்கம் கற்கருவிகளைப் பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வருகிற நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அவையும், 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கைக்கோடரியும் குவார்ட்சைட் கல்லில் ஆனவை. ஆற்றில் உருண்டு தேய்ந்த அந்த மாதிரிக் கற்களின் மேல்பரப்பு கெட்டி, அதன்மேலேயே அடிக்கலாம். அந்தப் பழக்கத்தில் சுண்ணத் தோல்மேல் அடித்தால் ஏமாற்றம்தான்.

எந்த வழியானாலும் வெட்டவெளியில், முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். சிலிக்காத் தூசி நுரையீரலை அரித்துவிடும். பிராண்டன் தொழிலாளர்கள் பலர் அப்படித்தான் நோயுற்றார்கள். கீழே தார்ப்பாய் விரித்துச் சில்லுகளை மொத்தமாக அள்ளிவிடுங்கள். மண்ணில் விட்டால் பின்னால் தோண்டுகிறவர்கள் பழங்காலச் சில்லு என்று குழம்புவார்கள்.

தோலைக் கொஞ்சம் விட்டுவைப்பதும் ஒரு வழிதான். பழைய கைக்கோடரிகள் பலவற்றில் பிடிக்கும் பக்கம் தோல் அப்படியே இருக்கும், உள்ளங்கையைக் கிழிக்காது. பிராண்டனுக்குப் பக்கத்தில் வெஸ்ட் டாஃப்ட்ஸில் கிடைத்த கோடரியில் தோல் முகத்தின் நடுவிலேயே இருக்கிறது. அந்தத் தோலில் ஒரு சிப்பியின் புதைபடிவம், விசிறிபோல விரிந்த வரிகளோடு. செய்தவர் வேண்டுமென்றே அதைச் சுற்றி அடித்தாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. அந்தக் கோடரி இப்போது கேம்பிரிட்ஜ் தொல்லியல், மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.