ஏழு சுற்று விருந்தும் இடையில் வந்த காத்திருப்பும்

நாங்கள் எட்டுப் பேர். கல்லூரி விடுதியில் தொடங்கிய நட்பு 22 ஆண்டுகளாக அறுந்துபோகாமல் இருக்கிறதென்றால், ஆண்டுக்கு ஓர் இரவு எப்பாடு பட்டாவது ஒரே மேசையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவது என்று எப்போதோ நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுதான் அதற்குக் காரணம். முதல் சில ஆண்டுகள் யாராவது ஒருவர் வீட்டில் சமைத்தோம். சமைக்கிறவர் அடுப்படியிலேயே நின்றுவிடுவதால் அவருக்குப் பேச்சில் பங்கு கிடைப்பதில்லை என்று தெரிந்ததும் உணவகங்களுக்கு மாறினோம். இந்த ஆண்டு ஏற்பாடு என் பொறுப்பில் விழுந்தது. தனி அறை தந்து, ஏழு கோர்ஸ் விருந்தைச் சுற்றுச் சுற்றாகப் பரிமாறும் ஓர் உணவகத்தில் முன்பதிவு செய்தேன். அதன் குறைகளையும் எழுதப்போவதால் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

முன்பதிவின்போது பேசிய பெண்மணி, எத்தனை பேர், எந்த நாள் என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று எட்டுப் பேரையும் பற்றி ஒவ்வொருவராகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். விடுதிக் காலத்தில் இந்தக் கேள்விக்கு ‘எதுவானாலும் சரி’ என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருப்போம். இப்போது ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு உப்பு குறைய வேண்டும், இருவர் சைவம், இன்னொருவருக்குக் கொட்டைப் பருப்பு வகைகள் ஆகாது என்று சொல்லி முடிக்கவே பத்து நிமிடம் ஆனது. கொட்டைப் பருப்பு என்றதும் அவர் கேட்ட கேள்விதான் எனக்கு நம்பிக்கை தந்தது: “தட்டில் இல்லாவிட்டால் போதுமா, இல்லை அதே கரண்டி, அதே எண்ணெய்கூடப் படக் கூடாதா?” ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு மிகச் சிறிய துணுக்கும் ஆபத்தாகலாம் என்பதை அறிந்த சமையற்கூடம்தான் இப்படிக் கேட்கும். இரண்டு நாள் முன்னதாக அவரே மீண்டும் அழைத்துப் பட்டியலைச் சரிபார்த்தார்.

இப்படி ஒவ்வொன்றாகத் தட்டு வரும் முறை பழமையானது என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பியப் பெருவிருந்துகளில் ஒரு காலத்தில் ஏராளமான பதார்த்தங்களை ஒரே நேரத்தில் மேசை நிறையப் பரப்பிவைப்பதே மரியாதையாக இருந்தது. பார்க்க அழகு, ஆனால் கைக்கு எட்டுவதற்குள் பாதி ஆறிப்போகும். 1810 வாக்கில் பாரிசில் ருஷ்யத் தூதராக இருந்த அலெக்ஸாண்டர் குராக்கின் சுற்றுச் சுற்றாகப் பரிமாறும் வழக்கத்தை அங்கே அறிமுகப்படுத்தியதாகச் சொல்வார்கள். அதனால்தான் அதற்கு ருஷ்ய முறை என்று பெயர். அது ஊன்றிப் பரவ மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. இந்த முறையில் உணவு சூடாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் எதை எப்போது சாப்பிடுவது என்கிற உரிமை உண்பவரிடமிருந்து சமையற்கூடத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே ஏழு சுற்று விருந்தை மதிப்பிடும்போது ஒவ்வொரு தட்டும் எப்படி இருந்தது என்பதைப் போலவே, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த உணவகம் சறுக்கியது அந்த இடத்தில்தான்.

முதல் மூன்று சுற்றுகள் 35 நிமிடத்தில் வந்து முடிந்துவிட்டன. ஓராண்டு கழித்துச் சந்திக்கிறவர்கள் உட்கார்ந்ததும் உடனே சாப்பிடுவதில்லை. யாருக்கு முடி நரைத்தது, யாருடைய பிள்ளை எங்கே படிக்கிறது, யார் வேலையை விட்டார் என்று ஒரு சுற்று விசாரணை முடிந்தால்தான் கை கரண்டியைத் தேடும். அந்த விசாரணை பாதியில் இருக்கும்போதே காளான் சாறு வந்தது, எடுக்கப்பட்டது, அடுத்தது வந்தது. எங்களில் கதை சொல்வதில் சமர்த்தர் ஒருவர், புது வீட்டுக்குக் குடிபோன அன்று பழைய வீட்டுச் சாவியோடு போய் இரவு முழுவதும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கதையை ஏற்றி ஏற்றிச் சொல்லி, கதவு திறக்கும் கட்டத்துக்கு வந்தபோது, பரிமாறுபவர் இரண்டு தட்டுகளோடு நடுவே புகுந்து, அந்த மீனை எந்த இலையில் சுற்றி எத்தனை நிமிடம் ஆவியில் வைத்தார்கள் என்று பணிவோடு விளக்கத் தொடங்கினார். விளக்கம் முடிந்தபோது கதவைத் திறந்தது யார் என்பதில் ஒருவருக்கும் ஆர்வம் மிஞ்சவில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை; அப்படிச் சொல்லவேண்டும் என்று பயிற்றுவித்தவர்கள், வாசலில் ஒரு நொடி நின்று மேசையைக் கவனித்துவிட்டு வரவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

பிறகு நேர்மாறாக 40 நிமிடம் எதுவும் வரவில்லை. பேச்சுக்கு அது வசதி என்று முதலில் மகிழ்ந்தோம். அரை மணி கடந்ததும் ரொட்டிக்கூடையைக் கிளறத் தொடங்கினோம். கடைசியில் வந்த நான்காம் சுற்று இறைச்சியின் மேல் ஊற்றியிருந்த குழம்பு பளபளப்பு இழந்து, விளிம்பில் மெல்லிய ஏடு கட்டியிருந்தது. முள்கரண்டியால் தொட்டால் அந்த ஏடு சுருங்கி ஒரு பக்கமாக ஒதுங்கியது. எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து இறக்கும் குழம்பில் ஜெலட்டின் மிகுந்திருக்கும். சூட்டில் நீர்மமாக இருக்கிற ஜெலட்டின், உடல் வெப்பத்துக்கும் கீழே ஆறிவிட்டால் கெட்டிப்படத் தொடங்கும். தட்டு குளிர்ந்திருந்தது என்பதும், எட்டுத் தட்டும் நிறையும்வரை முதல் தட்டு மேடையில் காத்துக்கிடந்தது என்பதும் அந்த ஏட்டைப் பார்த்தாலே தெரிந்தது. தட்டுகளைச் சூடுபடுத்தி வைத்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். சைவத் தட்டுகள் இரண்டும் மட்டும் கொதிக்கக் கொதிக்க வந்தன. அவற்றைத் தனியாக, கடைசியில் செய்திருப்பார்கள் போலும். அந்த இருவரும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

சமையலைப் பற்றி வேறு குறை இல்லை. அளவைத் தீர்மானித்தவருக்குக் கைதேர்ந்த அனுபவம் இருக்க வேண்டும்: ஒவ்வொரு தட்டிலும் நாலைந்து வாய்க்குமேல் இல்லை, ஆனால் எதுவும் கிள்ளித் தந்ததாகவும் தோன்றவில்லை. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அந்தச் சுவையின் மீதான விருப்பம் மட்டும் குறைந்து, வேறு சுவைக்கான ஆசை அப்படியே இருக்கும் என்பதை 1980களின் தொடக்கத்தில் பார்பரா ரோல்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் சோதனைகளால் காட்டினார்கள். வயிறு நிறைந்த பிறகும் இனிப்புக்கு மட்டும் இடம் கிடைக்கும் அதிசயத்துக்கு விளக்கம் அதுதான். இங்கே புளிப்புக்குப் பின் கொழுப்பு, மிருதுவுக்குப் பின் மொறுமொறுப்பு என்று அடுக்கியிருந்ததால் ஆறாவது சுற்றிலும் யாரும் தட்டை ஒதுக்கவில்லை. நடுவில் நாக்கைத் துடைப்பதற்கென வந்த எலுமிச்சைப் பனிக்கூழ் உருகிப்போனது எங்கள் தவறு. இருவர் தொலைபேசியோடு வெளியே போய்விட்டார்கள். குளிர்ச்சி இனிப்பை அமுக்கிக் காட்டும் என்பதால் பனிக்கூழில் சர்க்கரையைக் கூடுதலாகவே போடுவார்கள். உருகியதும் அந்தச் சர்க்கரை முழுவதும் வெளியே வந்து, திரும்பி வந்த இருவரும் பாகு குடித்ததுபோல் முகம் சுளித்தார்கள்.

ஏழாம் சுற்றான சாக்லேட்டின்போது நடந்த ஒரு சிறு செயலுக்காகவே இந்த உணவகத்துக்கு மதிப்பெண்ணைக் கூட்டுகிறேன். இதுவரை போன பல இடங்களில், ‘சர்க்கரை போடாதது யாருக்கு?’ என்று மேசைக்கு மேலே தட்டைத் தூக்கிப் பிடித்துக் கேட்பார்கள். எங்கள் நண்பர் வகுப்பில் பெயர் அழைக்கப்பட்ட மாணவனைப்போல் கையைத் தூக்குவார். இங்கே அவருக்கு வந்த தட்டு, நிறத்திலும் வடிவத்திலும் மற்ற ஏழு தட்டுகளைப் போலவே இருந்தது. வைக்கும்போது பரிமாறுபவர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார், அவ்வளவுதான். அவருடைய தட்டு வேறு என்பது வீடு திரும்பும் வழியில் அவரே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட செவ்வக மேசை, பக்கத்துக்கு நால்வர். பத்து நிமிடத்தில் கூட்டம் இரண்டாகப் பிளந்துவிட்டது: இந்த முனையில் நால்வர், அந்த முனையில் நால்வர். அந்தப் பக்கம் சிரிப்பு எழும்போதெல்லாம் இந்தப் பக்கம், ‘என்ன, என்ன?’ என்று கழுத்தை நீட்டினோம். சுவரும் தரையும் வழவழப்பான கல். திரைச்சீலை, கம்பளம் எதுவும் இல்லாததால் ஒருவர் குரல் உயர, அதைத் தாண்ட இன்னொருவர் உயர்த்த, முடிவில் எட்டுப் பேரும் கத்திக்கொண்டிருந்தோம். இரைச்சல் மிகுந்தால் உப்பும் இனிப்பும் மங்கலாகத் தெரியும் என்று ஆய்வுகள் சொல்வதால், உப்பு குறையக் கேட்ட நண்பர் தன் தட்டைப் பற்றிப் புலம்பியதற்குச் சமையற்காரரை மட்டும் பொறுப்பாக்க முடியாது.

பில்லில் மறைமுகக் கட்டணம் எதுவும் இல்லை. பாதித் தொகையை முன்பணமாக வாங்கியிருந்ததைச் சரியாகக் கழித்திருந்தார்கள், எட்டாகப் பிரித்துத் தரவும் முகம் சுளிக்கவில்லை. மேலாளர் கருத்துக் கேட்டபோது குழம்பில் கட்டிய ஏடு, தட்டுகளின் வேகம் இரண்டையும் சொன்னேன். சமாதானம் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அடுத்த முறை மூன்றாம் சுற்றுக்குப் பிறகு எப்போது கொண்டுவரலாம் என்று எங்களில் ஒருவரைக் கேட்டுக்கொண்டே பரிமாறச் சொல்வதாகவும், தட்டு விளக்கங்களை அச்சிட்ட அட்டையில் தந்துவிடுவதாகவும் சொன்னார்.

வட்ட மேசை இருக்கிறதா என்று கடைசியாகக் கேட்டேன். அவர் எங்களைப் பின்பக்கக் கிடங்குக்கு அழைத்துப்போனார். அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஐந்தடி விட்டமுள்ள வட்டப் பலகை ஒன்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்தடி விட்டம் என்றால் ஆளுக்குக் கிட்டத்தட்ட இரண்டடி விளிம்பு. எட்டுப் பேருக்கு மிகச் சரி. “இதை யாருமே கேட்பதில்லை சார், வாங்கியதிலிருந்து இப்படியேதான் நிற்கிறது” என்றார். அங்கேயே, அந்தப் பலகையின் தூசியை ஒருவர் விரலால் வழித்துப் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த ஆண்டுக்கான தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டு வந்தோம்.