இரண்டு வருஷமும் ஒரு பாத்ரூம் கதவும்

போன வாரம் பாலக்கோட்டு நண்பன் ஒருவன் போன் செய்து, "உங்கம்மா இருக்கிற இடம் எப்படிடா, எங்கப்பாவை அங்கே சேர்க்கலாமா?" என்று கேட்டான். வண்டியில் இருந்ததால் "நல்ல இடம்தான், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். ராத்திரி படுத்து யோசித்தால் கோபம்தான் வருகிறது.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பை ஒட்டிய முதியோர் இல்லம். அம்மா போய் இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. அறைக்கு இரண்டு பேர், மாதம் 18,000, ராத்திரியிலும் நர்ஸ் உண்டு. ஓசூரிலிருந்து டோல்கேட்டில் மாட்டாமல் போனால் எனக்கு ஒரு மணி நேரம். இதையெல்லாம் போனில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பாத்ரூம் கதவைப் பற்றித்தான் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு. வயசானவர் உள்ளே வழுக்கி விழுந்தால் எங்கே விழுவார்? கதவின் மேல்தான். அப்புறம் வெளியிலிருந்து தள்ளினால் கதவு அவரைத்தான் இடிக்கும். மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட கட்டட வழிகாட்டியிலேயே மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள் புழங்கும் கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் சறுக்குக் கதவாக இருக்க வேண்டும், 900 மில்லிமீட்டர் வழி வேண்டும் என்று இருக்கிறது. இங்கே டேப் வைத்து அளந்தேன், 27 அங்குலம், அதாவது 700 கூட இல்லை, சக்கர நாற்காலி வாசலிலேயே நின்றுவிடும். சேர்ந்த முதல் மாதமே சொன்னேன். "கதவைத் திருப்பினா கட்டில்ல இடிக்கும் சார், நிலையையே எடுக்கணும்ங்க, டைல்ஸ் உடைஞ்சுடும்" என்றார் மேனேஜர். நான்கு முறை சொன்னேன், நான்கு முறையும் டைல்ஸ்தான்.

போன ஆடியில் அது நடந்தது. விடியற்காலை அம்மா உள்ளே விழுந்து, கால் கதவில் முட்டியபடி கிடந்திருக்கிறார். தாழ்ப்பாள்கூடப் போடவில்லை, ஆனாலும் திறக்க முடியவில்லை. கடைசியில் சமையல்கட்டுப் பையன் ஒருவன் வென்டிலேட்டர் கண்ணாடியைக் கழற்றி உள்ளே இறங்கி, அம்மாவை நகர்த்திய பிறகுதான் கதவு திறந்தது. எலும்பு முறியவில்லை, அதற்கு நான் யாருக்கும் நன்றி சொல்லப் போவதில்லை, அந்தப் பையனைத் தவிர.

மறுவாரமே ஆசாரி வந்தார். கட்டிலை ஓர் அடி தள்ளிப் போட்டு, கீலை மாற்றி, அரை நாளில் வேலை முடிந்தது. ஒரு டைல்ஸ்கூட உடையவில்லை! இரண்டு வருஷம் எதற்காக அலைக்கழித்தார்கள் என்று கேட்டேன், மேனேஜர் டீ சொன்னார். வழி இன்னும் அதே 27 அங்குலம்தான்.

சரி, வேறு இடம் பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்க களி கிண்டுவாங்களா?" அம்மா பிறந்தது பென்னாகரம் பக்கம். சின்ன வயதிலிருந்து கிணற்றுத் தண்ணீர் குடித்து ஃபுளோரைடு கறை ஏறிய பல், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ஊருக்கு வருவதற்குள் பாதி போய்விட்டது. களியை மெல்ல வேண்டியதில்லை, விண்டு கீரைக் கடைசலில் தோய்த்து முழுங்க வேண்டியதுதான். ஓசூரில் என் வீட்டில் நாங்கள் கொடுத்தது இட்லியும் ஓட்ஸ் கஞ்சியும். இங்கே வாரம் மூன்று நாள் ராகிக் களி. சமையல்கார அக்கா துடுப்பைப் போட்டு அண்டாவை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு கிண்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்து, "இன்னும் வேகல, கட்டி இருக்கு" என்று அம்மா சத்தம் போடுகிறார், அந்த அக்காவும் சிரித்துக்கொண்டே இன்னும் நாலு சுற்று சுற்றுகிறார். அம்மா இங்கே வந்து ஆறு கிலோ கூடியிருக்கிறார்.

பக்கத்துக் கட்டில் பாட்டி தெலுங்குக்காரர், வேப்பனப்பள்ளிப் பக்கம். முதல் ஆறு மாதம் ஃபேனுக்காகச் சண்டை. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து என் மேல் குறை சொல்கிறார்கள், பாதி எனக்குப் புரிவதில்லை.

டிவி சத்தம், மத்தியானம் வெந்நீர் இல்லாதது, இதெல்லாம் எங்கும் உள்ளதுதான், விடுங்கள்.

நண்பனுக்கு நேற்று திரும்பக் கூப்பிட்டு, சேர்க்காதே என்று சொன்னேன். "அப்ப உங்கம்மாவை மட்டும் ஏன் வச்சிருக்கே?" என்றான். களி என்றால் சிரிப்பான், அதனால் சொல்லவில்லை. அங்கே இப்போது காலியாக இருப்பது 4-ஆம் அறை மட்டும்தான். அதன் பாத்ரூம் கதவு இன்னும் உள்பக்கம்தான் திறக்கிறது.