ஓய்வுக்குப் பின் ஆலோசகர்: பழைய மில்லிலேயேவா, தனியாகவா, கூட்டாகவா?

கோவைப் பக்கம் நூற்பாலை ஒன்றில் முப்பது வருடம் இருந்துவிட்டு, டெக்னிக்கல் ஜி.எம். ஆக 58 வயதில் வெளியே வருபவருக்கு மூன்று வழிகள் உண்டு. பழைய மில்லிலேயே மாதத் தொகைக்கு ஆலோசகராக இருப்பது, சொந்தப் பெயரில் தனியாகத் தொடங்குவது, கூட வேலை பார்த்த இரண்டு பேரைச் சேர்த்து எல்எல்பி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம், போடுவது. மூன்றுக்கும் முதலீடு ஒன்றுதான், இத்தனை வருடத்தில் சேர்ந்த ஆள் பழக்கம். அது எந்த வழியில் காசாகும்?

பழைய மில்லில் முதல் மாதமே பணம் வந்துவிடும். ஆனால் ஊருக்குள், ‘அவர் இன்னும் அங்கதானே இருக்கார்’ என்று பேச்சு நிற்கும். போட்டி மில் முதலாளி அப்புறம் உங்களை உள்ளே விடமாட்டார். ஒரு வருடம் கழித்து அந்த ஒப்பந்தம் முடியும்போது மற்ற பழக்கமெல்லாம் ஆறிப்போயிருக்கும். வேலையை விட்ட பிறகும் போட்டி நிறுவனத்துக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் ஆலோசகர் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை அதே நிபந்தனை உங்களைக் கட்டிப்போடலாம். அதனால் மாதத்துக்கு இத்தனை நாள், மற்ற மில்களுக்கும் போவேன் என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

தனியாகத் தொடங்குவதுதான் என் ஓட்டு. அதற்கு முன் போனில் உள்ள பெயர்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். செக்கில் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் இன்னொரு பக்கம். முதல் பட்டியல் வேதனைப்படும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். இரண்டாவதைத் தள்ளிவிட வேண்டாம். எந்த மில்லில் புது ஸ்பிண்டில் (நூற்கும் கதிர்) வருகிறது, எங்கே மெயின்டெனன்ஸ் ஆள் விட்டுப் போனார் என்பது ஸ்பேர்ஸ் விற்பவருக்கும் மெஷின் கம்பெனி சர்வீஸ் இன்ஜினியருக்கும்தான் முதலில் தெரியும்.

பழக்கத்தில் ஒரு வில்லங்கமும் உண்டு. “சார், ஒரு சின்ன சந்தேகம்” என்று போன் வரும், அரை மணி நேரம் சொல்லிக் கொடுப்பீர்கள், காசு வராது. கேட்டு வாங்கவும் கூச்சம். ஒரு வார வேலையாக வரையறுத்து விலை சொல்வதுதான் இதற்கு வழி. கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் போகிறது, கம்ப்ரஸ்டு ஏர் எங்கே கசிகிறது, காற்றில் ஈரப்பதம் காக்கும் ஹியுமிடிஃபிகேஷன் பிளான்ட் தேவைக்கு மேல் ஓடுகிறதா, கழிவு எந்த இடத்தில் கூடுகிறது என்று பார்த்து எழுத்தில் ரிப்போர்ட் கொடுக்கலாம். 1956 முதல் கோவையிலேயே சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆய்வகத்திலும் ஒப்பீட்டுப் புள்ளிவிவரத்திலும் அவர்களோடு தனி ஆள் மோத முடியாது. ரிப்போர்ட்டில் சொன்னது ஷெட்டில் நடக்கும்வரை கூட நிற்பதுதான் நீங்கள் விற்கக்கூடிய சரக்கு.

வரிக் கணக்கும் தனி ஆளுக்குத்தான் சாதகம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. தொழில்நுட்ப ஆலோசகர்களுக்கு வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் அனுமான முறை 50 லட்சம் வரை உண்டு. ரொக்கமாக வாங்குவது 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை.

எல்எல்பிக்கு அந்த அனுமான முறை கிடையாது. வருடாந்தரத் தாக்கல்கள் உண்டு, வரவு 40 லட்சத்தைத் தாண்டினால் தணிக்கையும் கட்டாயம். லெட்டர்ஹெட்டில் மூன்று பெயர் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே மில்லிலிருந்து வந்த மூன்று பேருக்கும் தெரிந்தவர்கள் அதே ஆட்கள்தான்! ஒருவர் ஸ்பின்னிங், இன்னொருவர் சாயப்பட்டறை, மூன்றாமவர் ஏற்றுமதி என்று இருந்தால் விஷயமே வேறு.

ஆக, தனியாகத் தொடங்கி, பழைய மில்லை முதல் வருடத்துக்கு மாதம் ஆறேழு நாள் கொடுக்கிற ஒரு வாடிக்கையாளராக மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதல் பில் போடுவதற்கு முன்பே உத்யம் என்ற, குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவைச் செய்துவிடுங்கள், இலவசம்தான். குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய கெடுவுக்குள் (அதிகபட்சம் 45 நாள்) பணம் தராத மில், அந்தச் செலவைப் பணம் கொடுக்கும்வரை வருமான வரியில் கழிக்க முடியாது. பழகிய முதலாளியிடம் பாக்கி கேட்கத் தயங்குவீர்கள். பில்லில் உத்யம் எண் இருந்தால், மார்ச் மாதம் வருடக் கணக்கு முடிக்கும்போது அவருடைய ஆடிட்டரே பாக்கியைக் கொடுக்கச் சொல்லிவிடுவார்.