12 அங்குல குரோ பேக் என்று வந்தது ஏழரை அங்குலம்தான்: தொடக்கக் கிட் வாங்குமுன் பாருங்கள்

மாடியிலோ பால்கனியிலோ முதன்முதலாகச் செடி வைக்கப் போகிறவர்களுக்கென்று "எல்லாம் அடங்கிய கிட்" ஆன்லைனில் விற்கிறார்கள். குரோ பேக் (செடி வளர்க்கும் பை), கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) கட்டி, மண்புழு உரம், விதை, அடியில் போடக் களிமண் உருண்டைகள் எல்லாம் அதில் இருக்கும். அப்படி வந்த ஒரு கிட்டை அளந்து சோதித்ததில் தெரிந்தவை இவை. செடி வாடிப்போனதும் தனக்குக் கைராசி இல்லை என்று ஒதுங்கிவிடும் பலருக்கு உண்மையில் வாங்கிய பொருளே சரியாக இருந்திருக்காது.

முதலில் பை. விளம்பரத்தில் 12-க்கு 12 அங்குலம். வாயை வட்டமாக விரித்து டேப் வைத்தால் விட்டம் 7.6 அங்குலம். கேட்டதற்கு, பையைத் தட்டையாகப் படுக்க வைத்து அளந்த அகலம் அது என்று பதில் வந்தது. தட்டையில் 12 என்றால் சுற்றளவு 24, 3.14 ஆல் வகுத்தால் 7.6 தான் வரும். உயரம் மாறாவிட்டாலும் 22 லிட்டர் பிடிக்க வேண்டிய பை 9 லிட்டர்தான் பிடிக்கும். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் அது போதும். தக்காளிக்கும் கத்தரிக்கும் 15 முதல் 20 லிட்டர் வேண்டும். சின்னப் பையில் வைத்த தக்காளி வெயிலில் மதியத்துக்குள் காய்ந்து பூவை உதிர்க்கும். நீர் கூடிக் குறைவதால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராமல் காயின் அடிப்பக்கம் கருத்துப்போகும். அதனால் "விட்டம் எவ்வளவு, எத்தனை லிட்டர்?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லையென்றால் வெயிலில் சீக்கிரமே பொடிந்து கிழியும்.

பையைவிட மோசமானது கோகோபீட். கட்டியின் மேல் "கழுவியது, குறைந்த ஈசி" என்று அச்சிட்டிருந்தது. ஈசி என்பது மின்கடத்துதிறன்; அது கூடினால் உப்பு கூடுதல் என்று பொருள். ஊறிய கோகோபீட் ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு நல்ல தண்ணீர் கலந்து, வடிந்த நீரில் ஈசி மீட்டரை வைத்தால் 1.8 mS/cm காட்டியது. 0.5-க்குள் இருந்தால் நல்லது; 1-ஐத் தாண்டினால் நாற்றுக்கு ஆகாது. உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வரும் நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். விதை முளைக்காது, முளைத்தாலும் இலை ஓரம் கருகி வளர்ச்சி நின்றுவிடும். பலர் இதை உரப் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் உரம் போடுகிறார்கள். உப்பு மேலும் ஏறுகிறது, பாவம் செடி.

வாங்கிவிட்டவர்கள் வீசிவிட வேண்டாம். ஊறவைத்துப் பிழிந்து, வடியும் நீரின் ஈசி குழாய்நீரின் ஈசிக்கு அருகே இறங்கும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். நாரோடு ஒட்டியிருக்கும் சோடியம் வெறும் தண்ணீருக்கு முழுதாக விடாது. லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, இன்னொரு முறை அலசுங்கள். 5 கிலோ கட்டி நன்றாக ஊறினால் 65 லிட்டராவது வர வேண்டும். ரொம்பக் குறைந்தால் மண் கலந்த கட்டியாகவோ எடை குறைந்த கட்டியாகவோ இருக்கும்.

களிமண் உருண்டைகள் வடிகாலுக்காம். அடியில் பரப்பினால் வடிகால் அதிகரிக்காது. மேலே உள்ள நுண்ணிய கலவை முழுக்க நனைந்து நிரம்பும்வரை நீர் அந்தப் பெரிய இடைவெளிகளுக்குள் இறங்காது. ஈரம் தேங்கும் மட்டம் மேலே ஏறி, வேருக்கு இருக்கும் இடம்தான் குறையும். ஏற்கெனவே 9 லிட்டர் பையில் இது பெரிய இழப்பு. வடிதுளைகள் அடைபடாமல் இருந்தாலே போதும்.

மண்புழு உரத்தை ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். மணல் கலந்திருந்தால் உடனே அடியில் படியும். புளித்த வாடை அடித்தால் மக்கவில்லை. விதை உறையில் முளைப்புத்திறனும் சோதனைத் தேதியும் இல்லையென்றால், 10 விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பார்த்த பிறகே விதையுங்கள்.

பார்சல் வந்ததும் டேப் தெரியும்படி பையைப் படம் எடுத்துவிடுங்கள். கோகோபீட்டில் ஒரு மூலையை மட்டும் உடைத்து ஊறவைத்துச் சோதியுங்கள். முழுக் கட்டியையும் நனைத்துவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.